ஏழாம் குழியில் ஒரு கோடு

காலை நாலரைக்கே வெளிச்சம் வந்துவிடும் சஸ்காட்செவனில்.
ஜூன் மாதத்தில் இரவென்பது
ஒரு பேச்சுக்குத்தான்.

கொட்டகையில் காபி. நேற்றைய ஈரம் காயாத கையுறை.
சுவரில் ஓரெஸ்ட் சாக்பீஸால் எழுதியிருப்பார்:
மணல்குழி வாருதல் நான்.
வாய்க்கால் ஓரம் டெல்பர்ட்.
கிரீன் வெட்டுதல், யார் முதலில் வருகிறாரோ அவர்.

குழி நகரும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.
தினமும் விடியலில் பழைய துளையை அடைத்துப்
பத்தடி தள்ளிப் புதிதாய் ஒன்று வெட்டவேண்டும்.
தோண்டி எடுத்த மண் உருளை
தலையில் புல்லோடு
நேற்றைய துளையில் அச்சாய்ப் பொருந்தும்.
காலால் ஒரு மிதி. ஒரு குவளைத் தண்ணீர்.
பிறகு அங்கே
எதுவுமே நடக்கவில்லை.

ஆட வருபவர்கள் எட்டு மணிக்குமேல்:
பல் டாக்டர், உரக்கடை முதலாளி,
நிலத்தை விற்றுவிட்டு
கைகளை என்ன செய்வதென்று தெரியாத பர்ட்ரம்.
அவர்கள் கண்ணில் படாமல் இருப்பதும்
எங்கள் வேலையில் சேர்த்தி.
மட்டையை ஓங்கினால் எஞ்சினை அணை.
பந்து விழும்வரை மரம்போல் நில்.

ஜூலை ஒன்பது.
முதலில் வந்தது நான்.
பனி படர்ந்த புல்லில் மோவர் போன தடம்
வெளிர்பச்சை, கரும்பச்சை, மறுபடி வெளிர்பச்சை.
ஹைட்ராலிக் குழாயில் ஓர் ஊசித்துளை.
சூடான எண்ணெய் எனக்குப் பின்னால்
சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது.
பனிக்கும் எண்ணெய்க்கும் ஒரே மினுக்கம்.
திரும்பிப் பார்த்தேன்.
அழகாய் இருந்தது.

மூன்றாம் நாள் ஏழாம் கிரீனில்
பழுப்பாய் எழுந்து நின்றது கோடு.
கொடியருகே தொடங்கி நேராகப் போய்
ஓரத்தில் ஒரு சின்ன நெளிவு,
குள்ளநரியைப் பார்த்து நான் கையசைத்த இடம்.
என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

ஓரெஸ்ட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.
"டெல்பர்ட்தானே அன்றைக்கு?"
என்னிடம்தான் கேட்டார்.
ரிசர்விலிருந்து ஓட்டை ஃபோர்டில் வருகிறவன் டெல்பர்ட்.
நான் வாரியின் பல்லில் சிக்கிய கூழாங்கல்லை
மும்முரமாய் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு நாள் அவன் வாய்க்காலிலேயே நின்றான்,
இடுப்பளவு கோரையில், கொசு மொய்க்க.
ஒன்றும் கேட்கவில்லை.
நான் நீட்டிய சிகரெட்டை வாங்கிக்கொண்டான்,
அடுத்ததையும்.
வடக்கே காடு எரிந்து
சூரியன் ஆரஞ்சு மிட்டாய்போல் தொங்கிய வாரம் அது.
புகையில் உலகமே பழுப்பு.
கோடும் அதில் கரைந்துவிடும் என்று நம்பினேன்.
மழை வந்தது, புகை போனது,
கோடு இருந்தது.
பல் டாக்டர் அதன்மேல் பந்தை உருட்டி
ரயில் எத்தனை மணிக்கு என்றார்.

ஏழாம் நாள் சொல்லிவிட்டேன்.
ஓரெஸ்ட் பிளேடு தீட்டுவதை நிறுத்தவில்லை.
"அன்றைக்கு டெல்பர்ட் வேலைக்கே வரவில்லை.
சாயங்காலமே பதிவேட்டைப் பார்த்துவிட்டேன்."
அப்படியானால் வாய்க்கால்?
"அவன் கேட்டு வாங்கியது. போய்ப் பார்."

போய்ப் பார்த்தேன்.
எங்கும் ஒட்ட வெட்டிய கரையில்
ஒரு மேசையளவு கோரை மட்டும் நின்றது.
உள்ளே ஒரு வாத்து,
அடியில் முட்டைகள்.
அது என்னைக் கடனுக்கு வந்தவனைப்போல் பார்த்தது.

நூற்று நாற்பத்தொரு உருளைகள்.
நாற்றங்காலில் வெட்டி, சுமந்து,
கோட்டின்மேல் ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
முழங்காலில் அந்த வட்டங்களின் அச்சு.
இருபதாவதுக்குப் பிறகு டெல்பர்ட்
கேட்காமலே வாளியின் மறுபக்கம் பிடித்தான்.
"நீதான் என்று முதல்நாளே தெரியும்," என்றான்.
"உன் சிகரெட் நல்ல சிகரெட்."

ஆகஸ்டில் கோடு போய்விட்டது என்று
சொல்ல ஆசைதான்.
நாற்றங்கால் புல் இன்னும் கருமையாய் முளைத்து
இப்போது அது பச்சையில் ஒரு பச்சைக் கோடு.
நெளிவு உட்பட.

கடைசி நாள்,
குழியை எங்கே வெட்டுவதென்று யாரும் சொல்லவில்லை.
அந்த நெளிவிலேயே வெட்டினேன்.
எட்டு மணிக்குப் பல் டாக்டர் வந்தார்,
குனிந்தார், மட்டையை ஓங்கினார்.
நான் எஞ்சினை அணைத்தேன்.